குறிஞ்சிப்பாட்டில் உசாத்துணை: வளரிளம் பருவத் துயரும் தாயிடம் உரைக்கும் முறையும்

ஆய்வுச் சுருக்கம்

சங்க அகப்பாடல்களின் தோழியை இக்கால உளவியல் ஆலோசகருக்கு நிகராகக் காணும் போக்கு அண்மைக்கால ஆய்வுகளில் பரவலாக உள்ளது. இவ்வொப்பீடு, தோழி தலைவிக்கு ஆறுதல் கூறுகிறாள் என்பதோடு நின்றுவிடுகிறது. கபிலரின் குறிஞ்சிப்பாட்டு முழுவதும் தாயை நோக்கிய பேச்சாக அமைந்துள்ளமை உரிய கவனம் பெறவில்லை. வளரிளம் பருவத்தாரின் மறைபொருளை யாருடைய இசைவோடு, எந்நிலையில், எம்முறையில் பெற்றோரிடம் திறப்பது என்னும் வினாவே அப்பாட்டின் மையம் என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. தொல்காப்பியம் கூறும் உசாத்துணை என்னும் கருத்தாக்கத்தின் வலிமையும், அதனை இன்றைய சூழலுக்குப் பொருத்துவதில் உள்ள எல்லைகளும் ஆராயப்படுகின்றன.

திறவுச் சொற்கள்: குறிஞ்சிப்பாட்டு, அறத்தொடு நிற்றல், உசாத்துணை, வெறியாட்டு, வளரிளம் பருவம், உளவளத்துணை

முன்னுரை

வளரிளம் பருவத்தாரைப் புரிந்துகொள்ளுதல், வழிநடத்துதல், பெற்றோரை நெறிப்படுத்துதல் ஆகியன இன்று கல்வி, மருத்துவம், சட்டம் ஆகிய துறைகளின் பொதுப் பொருளாகிவிட்டன. உலக நலவாழ்வு நிறுவனம் 10 முதல் 19 வயது வரையிலான பருவத்தை வளரிளம் பருவம் என வரையறுக்கிறது. இந்திய அரசு 2014ஆம் ஆண்டு தொடங்கிய தேசிய வளரிளம் பருவத்தினர் நலத் திட்டம், ஒத்த வயதுடையவர்களையே பயிற்றுவித்துப் பிறருக்குத் துணையாக்கும் முறையை ஏற்றுக்கொண்டது. இத்தகைய சூழலில் பண்டைய இலக்கியத்தில் இதற்கான வேர்களைத் தேடும் ஆய்வுகள் பெருகுவது இயல்பே.

எனினும் இத்தேடலில் ஒரு குறைபாடு உள்ளது. இன்றைய துறைச்சொல் ஒன்றை எடுத்துக்கொண்டு, அதற்குப் பொருந்தும் பாடலடிகளைத் திரட்டி, முன்னோர் இதனை அன்றே அறிந்திருந்தனர் என முடிப்பதே பெரும்பாலான கட்டுரைகளின் போக்காக உள்ளது. இதனால் இலக்கியமும் தெளிவு பெறுவதில்லை. துறையும் வளம் பெறுவதில்லை. பாடலின் சூழல், கூற்று நிகழ்த்துவோர், கேட்போர், கூற்றின் வரிசைமுறை ஆகியவற்றை நுணுகி நோக்கும்போதுதான் அது இன்றைக்கு என்ன சொல்கிறது என்பதும் எதைச் சொல்லவில்லை என்பதும் புலப்படும். அவ்வகையில் 261 அடிகளைக் கொண்ட குறிஞ்சிப்பாட்டு இங்கு ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்படுகிறது. உ. வே. சாமிநாதையர் 1889இல் நச்சினார்க்கினியர் உரையுடன் பத்துப்பாட்டைப் பதிப்பித்த காலந்தொட்டு, இப்பாட்டு அதன் மலர்ப் பட்டியலுக்காகவும் இயற்கை வருணனைக்காகவும் பெரிதும் போற்றப்பட்டு வருகிறது. ஒரு தாயிடம் அவள் மகளைப் பற்றிப் பேசும் அரிய உரை என்ற வகையில் அது போதிய அளவு படிக்கப்படவில்லை.

தாய் அறியாத மகள்

அகமரபில் தலைமக்களின் வயது மிக இளையது. இறையனார் அகப்பொருள் உரை தலைவனுக்குப் பதினாறும் தலைவிக்குப் பன்னிரண்டும் எனக் குறிக்கிறது. இது பிற்கால உரைமரபின் கருத்து எனினும், அகப்பாடல்களில் தாயரின் நினைவில் நிற்கும் மகள் பெரும்பாலும் சிறுமியே. போதனாரின் நற்றிணை 110ஆம் பாடலில், பொற்கலத்துப் பாலை உண்ண மறுத்து ஓடிய மகள், வறுமையுற்ற கணவன் வீட்டில் தந்தையின் வளத்தை நாடாது பசி பொறுத்து வாழ்கிறாள். இந்த அறிவை அவள் எங்கே கற்றாள் எனத் தாய் வியக்கிறாள். அந்த வியப்பில் பெருமிதம் உண்டு. ஓர் ஒப்புதலும் உண்டு. மகள் முதிர்ந்த காலத்தைத் தாய் காணவில்லை. சிறுமிக்கும் இல்லறத்தலைவிக்கும் இடைப்பட்ட பருவம் அவள் பார்வையிலிருந்து நழுவியிருக்கிறது.

அந்த இடைப்பட்ட பருவமே களவுப் பாடல்களின் களம். அப்பருவத்தில் மகளின் உடல் மெலிகிறது, தோள் நெகிழ்கிறது, நெற்றி பசக்கிறது. தாய் இவற்றைக் காண்கிறாள், ஆனால் வேறு பொருள் கொள்கிறாள். முருகு அணங்கிற்று எனக் கருதி வேலனை அழைக்கிறாள், கழங்கு பார்க்கப்படுகிறது, மறி அறுக்கப்படுகிறது. ஐங்குறுநூற்றில் கபிலரின் வெறிப்பத்து (241–250) முழுவதும் இப்பொருளிலேயே அமைந்துள்ளது. பிரமசாரியின் நற்றிணை 34ஆம் பாடலில், இந்நோய் தன்னால் வந்ததன்று என அறிந்தும் வேலன் அழைக்க வந்து நின்ற முருகனையே, கடவுளாயினும் அறியாமை உடையவன் எனத் தோழி சாடுகிறாள். வெறிபாடிய காமக்கண்ணியாரின் அகநானூறு 22ஆம் பாடலில், தலைவன் இரவில் வந்ததால் தன் நோய் தணிந்திருக்க, தொடர்பில்லாத வேலன் செய்த சடங்கை எண்ணித் தலைவி தனக்குள் நகைக்கிறாள்.

இப்பாடல்களை மூடநம்பிக்கை பற்றிய எள்ளலாக மட்டும் வாசிப்பது போதாது. தாய் அக்கறை அற்றவள் அல்லள். மகளுக்காக அலைகிறாள், செலவிடுகிறாள், வழிபடுகிறாள். அவளது அக்கறையில் விடுபட்டது ஒன்றே. வேலனிடம் கேட்கிறாள், கழங்கிடம் கேட்கிறாள், முதுபெண்டிரிடம் கேட்கிறாள், மகளிடம் கேட்பதில்லை. வளரிளம் பருவத்தாரின் உளத்துயர் இன்றும் சோம்பல், பிடிவாதம், கைப்பேசி மயக்கம், தீய நட்பு எனப் பலவாறாகப் பெயரிடப்படுகிறது. பெயர்கள் மாறியிருப்பினும், உரியவரை விடுத்துப் பிறரிடம் காரணம் கேட்கும் வழக்கம் மாறவில்லை.

கழறலும் உசாவலும்

அகமரபு இளையோர் இருவருக்கும் ஒவ்வொரு துணையை வகுத்துள்ளது: தலைவனுக்குப் பாங்கன், தலைவிக்குத் தோழி. இவ்விருவரின் செயல்முறை வேறானது. பாங்கனின் முதற்செயல் கழறல், அதாவது இடித்துரைத்தல். அதன் பயனின்மையை வெள்ளிவீதியாரின் குறுந்தொகை 58ஆம் பாடல் காட்டுகிறது. வெயில் காயும் பாறையில் உருகும் வெண்ணெயை, கையும் இல்லாத பேச்சும் இல்லாத ஒருவன் கண்ணால் காக்கும் நிலையைத் தன் நோய்க்கு உவமையாக்கி, இடிக்கும் நண்பருக்குத் தலைவன் விடையளிக்கிறான். அறிவுரை தவறு என அவன் கூறவில்லை. அதனைப் பின்பற்றும் ஆற்றல் தன்னிடம் இல்லை என்கிறான். இளையோருக்குச் சொல்லப்படும் அறிவுரைகள் பலவும் தோற்கும் இடம் இதுவே.

தோழியின் முறை கழறலினின்றும் வேறுபட்டது. தோழியைச் செவிலியின் மகள் எனக் கூறும் தொல்காப்பியக் களவியல், சூழ்தலும் உசாத்துணையாதலும் அவளுக்குச் சிறப்பு என்கிறது. ஆராய்தலைக் குறிக்கும் ‘உசா’வும் உடன் நிற்றலைக் குறிக்கும் ‘துணை’யும் ஒரே சொல்லில் இணைகின்றன. தலைமக்களின் உறவைத் தோழி அறியும் மதியுடம்படுதல் மூவகைப்படும் எனவும் அவ்வியல் கூறுகிறது: அவர்கள் உரைக்குமுன் குறிப்பால் உணர்தல், குறையுற்று வேண்டும்போது உணர்தல், இருவரும் உள்ள இடத்துத் தலைவன் வர உணர்தல். மூன்றிலும் உணர்தலே அடிப்படை. உரைத்தலும் உதவுதலும் அதன் பின்னரே நிகழ்கின்றன.

இவ்விடத்து இன்றைய கலைச்சொற்களை நோக்குதல் பயனுடையது. தமிழகத்தில் ‘ஆலோசனை’ என்னும் சொல்லே பெருவழக்கு. ஈழத்தமிழரிடையே ‘உளவளத்துணை’, ‘சீர்மியம்’ ஆகிய சொற்கள் வழங்குகின்றன. ‘ஆலோசனை’ என்பது நடைமுறையில் பெரியவர் சொல்ல இளையவர் கேட்பது என்னும் பொருளை எளிதில் ஏற்றுக்கொள்கிறது. அந்நிலையில் அது கழறலின் மென்மையான வடிவமாகிவிடுகிறது. ‘துணை’ என்னும் சொல் அவ்வாறு திரிவதற்கு இடந்தருவதில்லை. உசாத்துணை என்னும் பழஞ்சொல்லை மீட்பது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. துணைநிற்பவர் எங்கே நிற்கிறார் என்பதை அது தெளிவாக்குகிறது.

குறிஞ்சிப்பாட்டில் தோழியின் உரை

அறத்தொடு நிற்றல் என்பது தலைவியின் களவைத் தலைவி தோழிக்கும், தோழி செவிலிக்கும், செவிலி நற்றாய்க்கும், நற்றாய் தந்தைக்கும் தமையன்மாருக்கும் முறையே வெளிப்படுத்துவதாகும். தந்தையும் தமையன்மாரும் அதனைக் குறிப்பால் உணர்வர் என்பது தொல்காப்பியம். அறத்தொடு நிலையின் வகைகளாகப் பொருளியல் ஏழனைக் கூறுகிறது. எளித்தல் தொடங்கி எண்ணப்படும் அவ்வரிசையில், வேலன் முதலியோரிடம் வினவுவது போல உண்மையைப் புலப்படுத்தும் உசாதலும், ஏதோ ஒரு காரணத்தை முன்னிட்டு இருவரும் சந்தித்தனர் எனக் காட்டும் ஏதீடு தலைப்பாடும் இடம்பெறுகின்றன. உண்மையை நேரே செப்புதல் இறுதியில் வைக்கப்பட்டுள்ளது. ஔவையாரின் குறுந்தொகை 23ஆம் பாடல் உசாதலுக்குப் பெருவழக்கான சான்று. கட்டுவிச்சி பாடிய மலைகளுள் ஒன்றை மீண்டும் பாடுமாறு தோழி கேட்பதே அங்குத் தாய்க்குச் செய்தியாகிறது.

குறிஞ்சிப்பாட்டின் தோழி இத்தகைய மறைமுக வழியோடு நில்லாமல் நிகழ்ந்ததை விரிவாக உரைக்கிறாள். அவ்வுரையின் தொடக்கப் பகுதியின் அமைப்பு நுணுகி நோக்கத்தக்கது. முதலில் தாயை வாழ்த்துகிறாள். மகளின் நோய் அறியாது பலரிடம் வினவியும் தெய்வங்களை வழிபட்டும் மயங்கும் தாயின் வருத்தத்தைச் சொல்கிறாள். அடுத்து, தலைவியின் அழகு கெட்டதையும் தோள் நெகிழ்ந்ததையும் கண்டு, உள்ளே மறைத்த துன்பத்தைத் தான் வற்புறுத்தி வினவியதைச் சொல்கிறாள். பின்னர் தலைவி கூறியதை அப்படியே எடுத்துரைக்கிறாள். இறுதியில், பகைகொண்ட இரு வேந்தருக்கு இடையே சந்து செய்ய நின்ற சான்றோரைப் போலத் தானும் இரண்டு அச்சங்களுக்கு நடுவே நிற்பதாகக் கூறி, சினவாது கேட்குமாறு வேண்டுகிறாள்.

இப்பகுதியில் தாய், தலைவி, தோழி ஆகிய மூவரின் துன்பமும் உம்மை பெற்று அடுத்தடுத்து வருகின்றன. குற்றம் செய்தவர் ஒருவர், தீர்ப்பு வழங்குபவர் ஒருவர் என்னும் அமைப்பு அங்கு இல்லை. மூவரும் ஒரே துயரில் உள்ளனர் என நிறுவிய பின்னரே நிகழ்ச்சி தொடங்குகிறது. தாயின் துன்பம் முதலில் வைக்கப்படுவதும் தற்செயலன்று. தன் வருத்தம் அறியப்பட்டது என உணரும் பெற்றோரே மகளின் வருத்தத்தைக் கேட்கும் நிலைக்கு வருவர்.

தோழி மறைபொருளைத் திறக்கும் காலமும் கருதத்தக்கது. முத்தும் மணியும் பொன்னும் சேர்ந்த அணிகலன் கெட்டால் மீண்டும் அமைக்கலாம், பண்பு குன்றினால் மீட்பது அரிது என்னும் தலைவி, தாங்கள் தேர்ந்த மணம் இது எனத் தெரிவித்தால் பழி உண்டோ எனக் கேட்கிறாள். ஆகவே வெளிப்படுத்தும் எண்ணம் அவளிடமே தோன்றுகிறது. தோழியின் உரை அவள் இசைவின்மேல் அமைகிறது. அடுத்து, பெற்றோர் இசையாவிடினும் மறுமையில் கூடுதல் கிட்டும் எனக் கண்கலங்குகிறாள். இறப்பின் நிழல் விழுந்த சொற்கள் இவை. அதுவரை காத்த மறையைத் தோழி இனியும் காக்கவில்லை. உளவளத்துணையில் இரகசியம் காத்தல் அடிப்படை நெறியாகும். உயிருக்கு ஊறு நேரும் நிலையில் அந்நெறி தளர்த்தப்படுகிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டமும் இரகசியக் காப்பை உரிமையாக்கி, தீங்கைத் தடுக்க வேண்டிய இடங்களில் விலக்கு அளிக்கிறது. குறிஞ்சிப்பாட்டில் இவ்விரண்டும் ஒருங்கே காணப்படுகின்றன: உரியவளின் இசைவு, உயிர் பற்றிய அச்சம்.

நிகழ்ச்சியைத் தோழி தொடங்கும் இடமும் குறிப்பிடத்தக்கது. தினைப்புனம் காத்து மாலையில் திரும்புமாறு தாயே தங்களை அனுப்பினாள் என்கிறாள். பழிசுமத்தும் குரலில் அன்றி, அன்றைய நாளை முழுமையாக அறியும் வாய்ப்பைத் தாய்க்கு வழங்கும் வகையில் அது அமைகிறது. பறவை ஓட்டியது, அருவியாடியது, மலர் கொய்தது என ஒவ்வொன்றும் வரிசையாகச் சொல்லப்படுகிறது. பெரிதும் பேசப்படும் 99 மலர்களின் பட்டியல் இவ்விடத்தில்தான் வருகிறது. கபிலரின் புலமைக்குச் சான்றாக அது காட்டப்படுவது வழக்கம். உரையின் போக்கில் அதற்கு வேறொரு பணியும் உண்டு. அச்செய்தியைக் கேட்க அஞ்சும் தாய்க்கு முன்னால், இரு சிறுமியரின் நாள் ஒன்று அதன் முழு மகிழ்ச்சியோடு விரிக்கப்படுகிறது. தலைவன் அந்நாளுக்குள் பின்னரே நுழைகிறான்.

அவனது வருகையும் தாயின் ஐயங்களை எதிர்நோக்கியே சொல்லப்படுகிறது. அவன் நாய்களைக் கண்டு அஞ்சியதும், தப்பிய விலங்கு பற்றி அவன் கேட்டபோது விடைகூறாதிருந்ததும் மறைக்கப்படவில்லை. சினந்து வந்த களிற்றுக்கு அஞ்சி, நாணம் மறந்து அவனை அடைந்ததும் சொல்லப்படுகிறது. நாடறிய மணம் செய்வதாக அவன் கூறியதும், தெய்வத்தை முன்வைத்து அருவிநீர் உண்டு உறுதியளித்ததும் அடுத்து வருகின்றன. இளமையால் வரம்பு கடந்தவனும் அல்லன், செல்வத்தால் நிலை திரிந்தவனும் அல்லன் என அவன் இயல்பு கூறப்படுகிறது. குடியும் பிறவும் ஒப்புநோக்காது தாங்களே துணிந்தோம் என்பதைத் தோழி முன்பே ஒப்புக்கொண்டுவிட்டாள். அவ்வொப்புதலில் தன்னையும் சேர்த்துக்கொள்கிறாள். தலைவியை மட்டும் தனியே நிறுத்தவில்லை.

ஒப்பீட்டின் எல்லைகள்

இவ்வளவும் கொண்டு தோழியை இன்றைய ஆலோசகரின் முன்னோடி என முடிப்பது பொருந்தாது. அதற்கு நான்கு தடைகள் உள்ளன.

முதலாவது, தோழி நடுநிலையினள் அல்லள். செவிலியின் மகளாகிய அவள் அதே மனையைச் சார்ந்தவள், களவு நிகழ்ந்தபோது உடனிருந்தவள், இரவுக்குறிக்குத் துணைநின்றவள். பயிற்சி பெற்ற ஆலோசகருக்குரிய விலகல் அவளிடம் இல்லை. பொருந்தும் ஒப்பீடு ஒத்த வயதுத் துணைவருடன்தான். அத்தகையோர் இன்றும் முதலில் அறிபவர்களாக உள்ளனர். தாங்கள் அறிந்ததை எந்நிலையில் பெரியவரிடம் கொண்டுசெல்ல வேண்டும் என்பதே அவர்களுக்குக் கடினமான முடிவு.

இரண்டாவது, உரைமரபு கூறும் வயது இன்றைய சட்டத்தின் முன் வேறு பொருள் பெறுகிறது. 2012ஆம் ஆண்டின் பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம் 18 வயதுக்கு உட்பட்டோர் அனைவரையும் குழந்தைகள் எனக் கொள்கிறது. குற்றம் நிகழ்ந்ததை அறிந்தவர் தெரிவிப்பதைக் கடமையாக்குகிறது. பள்ளி ஆலோசகர் ஒருவர் சான்றோரைப் போல இரு தரப்புக்கும் நடுவே மட்டும் நிற்க இயலாது. சட்டம் மூன்றாம் தரப்பாக அங்கு உள்ளது. களவு மரபை இளையோர் காதலுக்கு ஒப்புதலாக எடுத்தாளும் கட்டுரைகள் இவ்வேறுபாட்டைக் கடந்துவிடுகின்றன.

மூன்றாவது, அகமரபு அறிந்த தீர்வு ஒன்றே, அதாவது வரைவு. தலைவியின் துயருக்கு வேறு காரணமோ வேறு முடிவோ அங்கு இல்லை. கல்விச் சுமை, உடல் பற்றிய தாழ்வுணர்வு, தனிமை, குடும்ப வன்முறை எனப் பல காரணங்களால் துயருறும் இன்றைய வளரிளம் பருவத்தாருக்கு அத்தீர்வு பொருந்தாது. மகளின் துயரை அறிந்தவுடன் திருமணத்தை விரைவுபடுத்தும் குடும்பங்கள் இன்றும் இருப்பதால், இவ்வேறுபாட்டை வெளிப்படையாகக் கூறுதல் இன்றியமையாதது.

நான்காவது, உசாத்துணை யாருக்கு வாய்த்தது என்னும் வினா. தொல்காப்பியம் அடியோரையும் வினைவலரையும் அன்பின் ஐந்திணைக்குப் புறத்தே வைக்கிறது. காவல்மிக்க மனையும் செவிலியும் உடைய தலைவிக்கே தோழி உண்டு. தோழியின் துயரைக் கேட்க மற்றொரு தோழி மரபில் இல்லை. தலைவியும் தாயிடம் நேரே பேசுவதில்லை. அவள் சொற்கள் குறிஞ்சிப்பாட்டில் இடம்பெற்றாலும், தோழியின் வாய்வழியே மட்டும் அவை தாயைச் சேர்கின்றன. இடைநிற்பவர் இல்லாத வீட்டில் மகளின் சொல் தாயை எவ்வாறு அடையும் என்பதற்கு மரபில் விடையில்லை.

இவ்வெல்லைகள் பாட்டின் மதிப்பைக் குறைப்பதில்லை. எதனை அதிலிருந்து கொள்ளலாம் என்பதை அவை தெளிவாக்குகின்றன. கொள்ளத்தக்கது தீர்வு அன்று, முறை: குறிப்பால் உணர்தல், உரியவரிடம் வினவுதல், அவர் இசைவு பெறுதல், பெற்றோரின் வருத்தத்தை முதலில் ஏற்றல், தன் பங்கை மறையாது கூறல், நிகழ்ந்ததை முழுமையாக உரைத்தல்.

முடிவுரை

வளரிளம் பருவத்தார் பற்றிய இன்றைய பேச்சில் இளையோருக்கு என்ன சொல்வது என்பதே மிகுதியும் ஆராயப்படுகிறது. அவர்களைப் பற்றிப் பெற்றோரிடம் எவ்வாறு பேசுவது என்பது ஆசிரியர்க்கும் ஆலோசகர்க்கும் அன்றாடச் சிக்கலாக இருந்தும் குறைவாகவே எழுதப்பட்டுள்ளது. பெற்றோரை அழைத்துக் குறை கூறி அனுப்புவதே பல இடங்களில் வழக்கமாகியிருக்கும் நிலையில், குறிஞ்சிப்பாட்டு இவ்விரண்டாம் பொருளுக்கே தன் 261 அடிகளையும் அளித்திருப்பது கவனத்திற்குரியது. ஆசிரியர் பயிற்சியிலும் உளவளத்துணைப் பயிற்சியிலும் இப்பாட்டை உரையாடலுக்குரிய பனுவலாகப் பயன்படுத்த இடமுண்டு. மேற்கூறிய எல்லைகளையும் உடன் கற்பித்தல் வேண்டும்.

புலியும் யாளியும் கரடியும் களிறும் பாம்பும் முதலையும் உலவும் இரவு வழியைத் தலைவன் கடந்து வருவதை எண்ணித் தலைவி அழுவதைக் கூறி, அவ்வழியின் இடர்களை அடுக்குவதோடு தோழியின் உரை முடிகிறது. தாய் என்ன கூறினாள் என்பதைக் கபிலர் பாடவில்லை. அறத்தொடு நிற்றல் தோழியின் கடமை அளவில் அங்கு நிறைவுறுகிறது. அதன்பின் பேச வேண்டியவள் தாய்.